காய்ச்சலோடு வரும் வலிப்பு: காய்ச்சல் மட்டும்தான் காரணமா?

உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலையிலிருந்து அதற்கு லேசான சளி. மாலையில் உடம்பு அனலாகக் கொதிக்கிறது. திடீரென்று கண்கள் மேலே செருகுகின்றன. கைகால்கள் விறைத்து, பிறகு வெட்டி வெட்டி இழுக்கின்றன. வாயில் நுரை தள்ளுகிறது. தாய் அலறுகிறாள். பாட்டி ஓடிவந்து குழந்தையின் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறாள். இன்னொருவர் வெங்காயத்தை நசுக்கி மூக்கருகே பிடிக்கிறார். இரண்டு நிமிடத்தில் இழுப்பு நின்றுவிடுகிறது. "சாவிதான் காப்பாற்றியது" என்று எல்லோரும் பெருமூச்சு விடுகிறார்கள்.

சாவியா காப்பாற்றியது? இல்லை. அது தானாகவே நிற்கிற வலிப்பு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது. ஆனால் இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த வலிப்புக்குக் காரணம் வெறும் காய்ச்சல்தானா? அல்லது காய்ச்சலின் பின்னே வேறு எதுவும் ஒளிந்துகொண்டிருக்கிறதா? பெரும்பாலான குழந்தைகளுக்கு வெறும் காய்ச்சல்தான் காரணம். ஆனால் வெகு சிலருக்கு அப்படி இல்லை. அந்தச் சிலரை நேரத்தோடு அடையாளம் காண்பதில்தான் அவர்களுடைய உயிரும் அறிவும் அடங்கியிருக்கின்றன. இந்தத் துப்பறியும் கதையைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

முதலில் ஓர் ஆறுதலான செய்தி

காய்ச்சல் வலிப்பு என்பது ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தைகளுக்கு வருவது. நூறு குழந்தைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு ஒரு முறையாவது இது வருகிறது. உங்கள் பள்ளியில் ஆயிரம் மாணவர்கள் படித்தால், அவர்களில் இருபது முதல் ஐம்பது பேர் வரை சிறு வயதில் இதைக் கடந்து வந்திருக்கலாம். அவர்களுக்கே அது நினைவிருக்காது.

சாதாரணக் காய்ச்சல் வலிப்புக்கு மூன்று இலக்கணங்கள் உண்டு. உடம்பு முழுவதும் இழுக்கும். பதினைந்து நிமிடத்துக்குள் நின்றுவிடும். இருபத்துநான்கு மணி நேரத்தில் மறுபடியும் வராது. இத்தகைய வலிப்பு மூளையைக் கெடுப்பதில்லை. குழந்தையின் படிப்பையும் பாதிப்பதில்லை. மூன்று குழந்தைகளில் ஒன்றுக்கு, பின்னால் வேறொரு காய்ச்சலின்போது இது திரும்பவும் வரலாம். ஐந்து வயதைத் தாண்டியதும் பெரும்பாலும் மறைந்துவிடும்.

அப்படியானால் காய்ச்சலுக்கும் வலிப்புக்கும் என்ன உறவு? இதற்கு விடை சொல்ல மருத்துவம் மட்டும் போதாது. கொஞ்சம் இயற்பியலும் வேண்டும்.

மூளையில் ஓடும் மின்சாரம்

நம் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஒவ்வொரு நரம்பணுவும் ஒரு சிறு மின்கலம் போன்றது. அதன் உள்ளே பொட்டாசியம் அயனிகள் மிகுதி. வெளியே சோடியம் அயனிகள் மிகுதி. இந்த வேறுபாட்டால் அணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் தாழ்ந்த மின்னழுத்தத்தில் இருக்கிறது.

"எழுபது மில்லிவோல்ட்தானே! டார்ச் விளக்கு மின்கலமே ஒன்றரை வோல்ட் தருகிறதே!" என்று அலட்சியமாக எண்ணிவிடாதீர்கள். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். நரம்பணுவின் மெல்லிய உறையின் தடிமன் சுமார் 7 நானோமீட்டர். ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. 70 மில்லிவோல்ட்டை 7 நானோமீட்டரால் வகுத்தால் என்ன வருகிறது? மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட்! காற்றில் மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் என்ற அளவு எட்டினாலே பொறி பறந்துவிடும். அதைப்போல் மூன்று மடங்குக்கும் அதிகமான மின்புலத்தைத் தாங்கிக்கொண்டுதான் உங்கள் நரம்பணு உறை ஒவ்வொன்றும் இந்த வரியைப் படித்துக்கொண்டிருக்கிறது.

அந்த உறையில் நுண்ணிய வாயில்கள் உள்ளன. புரதத்தால் ஆன இவ்வாயில்கள் சில சோடியத்துக்கும், சில பொட்டாசியத்துக்கும் மட்டும் வழிவிடுபவை. சோடியம் வாயில் திறந்தால் சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. மின்னழுத்தம் கணத்தில் தலைகீழாகிறது. அதுவே நரம்புத் துடிப்பு. உடனே பொட்டாசியம் வாயில் திறந்து பழைய நிலையை மீட்கிறது. இவையெல்லாம் ஓரிரு மில்லிவினாடிகளில் நடந்து முடிகின்றன.

இந்த உண்மையைக் கண்டறிந்தவர்கள் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் இரு ஆங்கிலேய அறிஞர்கள். அதற்கு அவர்களுக்கு உதவியது எது தெரியுமா? புதுச்சேரிக் கடற்கரை மீனவர்கள் வலையில் அள்ளி வருகிறார்களே, அந்த ஊசிக் கணவாயின் இனம்தான்! கணவாயின் உடலில் ஒரு மில்லிமீட்டர் வரை பருமன் உள்ள இராட்சத நரம்பிழை ஒன்று இருக்கிறது. அதற்குள் மின்முனையைச் செருகி அளந்து, 1952-ஆம் ஆண்டில் தங்கள் சமன்பாடுகளை வெளியிட்டார்கள். 1963-ஆம் ஆண்டில் எக்கிள்ஸ் என்பவருடன் சேர்ந்து நோபல் பரிசும் பெற்றார்கள்.

தார்க்குச்சியும் மூக்கணாங்கயிறும்

மூளையில் இரண்டு வகை நரம்பணுக்கள் இருக்கின்றன. ஒரு வகை, பக்கத்து அணுக்களைத் தூண்டுவது. மற்றொரு வகை, அவற்றை அடக்குவது. மாட்டுவண்டிக்காரரை எண்ணிப்பாருங்கள். அவர் கையில் தார்க்குச்சியும் உண்டு, மூக்கணாங்கயிறும் உண்டு. இரண்டும் சமமாக வேலை செய்தால் வண்டி நேரே போகும். கயிறு நழுவினாலோ, குச்சி அளவுக்கு மிஞ்சினாலோ மாடு மிரண்டு ஓடும்.

வலிப்பும் இப்படித்தான். தூண்டலும் அடக்கலும் சமன் குலைந்து, இலட்சக்கணக்கான நரம்பணுக்கள் ஒரே தாளத்தில் சேர்ந்து துடிக்கத் தொடங்குகின்றன. தலையோட்டின் மேல் மின்முனைகளை வைத்தால் இந்தப் புயலைக் காகிதத்தில் வரைந்து பார்க்கலாம். ஹான்ஸ் பெர்கர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1924-ஆம் ஆண்டில் முதன்முதலாக மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார்.

சரி, வெப்பம் இங்கே எப்படி நுழைகிறது? கணவாய் நரம்பில், வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் வாயில்கள் திறந்து மூடும் வேகம் மூன்று மடங்காகும் என்று ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணக்கில் கொண்டார்கள். அப்படியானால் 3 பாகை உயர்வுக்கு? மூன்றை 0.3 என்னும் அடுக்குக்கு உயர்த்துங்கள்; ஏறத்தாழ 1.4 வரும். அதாவது 37 பாகையிலிருந்து 40 பாகைக்குக் காய்ச்சல் ஏறினால் வாயில்கள் நாற்பது விழுக்காடு வேகமாக இயங்கும். இது கணவாய்க் கணக்கு. மனித மூளைக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. ஆயினும் சூடு ஏறினால் நரம்பணுவின் நடை மாறும் என்பது உறுதி. எல்லா வாயில்களும் ஒரே விகிதத்தில் வேகம் கொள்ளாததால் சமன் சற்றே ஆட்டம் காண்கிறது. காய்ச்சலின்போது உடல் சுரக்கும் சில வேதிப்பொருள்களும் நரம்பணுக்களைத் தூண்டுகின்றன. வளர்ந்த மூளை இதையெல்லாம் சமாளித்துக்கொள்ளும். குழந்தையின் வளரும் மூளை சில வேளைகளில் தடுமாறிவிடும். குடும்பத்தில் பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ முன்பு இது வந்திருந்தால் வாய்ப்பு இன்னும் கூடுதல்.

இதுவரை பார்த்தது சாதாரணக் கதை. இனி ஒளிந்திருப்பவர்களைத் தேடுவோம்.

மூளை உறையில் கிருமி

முதல் சந்தேகம் மூளையுறை அழற்சியின் மேல்தான். மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியுள்ள உறைகளில் பாக்டீரியாக் கிருமிகள் புகுந்தால் காய்ச்சலும் வரும், வலிப்பும் வரும். பெரிய குழந்தைக்குக் கழுத்து விறைக்கும். தலைவலியும் வாந்தியும் இருக்கும். ஆனால் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கழுத்து விறைக்காமலே போகலாம். அதுதான் ஆபத்து. உச்சிக்குழி புடைத்திருப்பது, பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது ஆகியவையே அங்கே அடையாளங்கள்.

ஐயம் வந்தால் மருத்துவர் முதுகுத் தண்டின் கீழ்ப்பகுதியில் ஊசி செலுத்திச் சில துளி நீர் எடுத்துச் சோதிப்பார். 1891-ஆம் ஆண்டில் குவிங்கே என்னும் ஜெர்மானிய மருத்துவர் வகுத்த முறை இது. "முதுகில் ஊசி போட்டால் முடமாகிவிடும்" என்று அஞ்சிப் பெற்றோர் சிலர் மறுத்துவிடுகிறார்கள். ஊசி நுழையும் இடத்துக்கு மேலேயே தண்டுவடம் முடிந்துவிடுகிறது. எனவே அந்த அச்சத்துக்கு இடமில்லை. மாறாக, சோதனை தாமதமானால் செவித்திறனும் அறிவும், ஏன், உயிருமே போகலாம்.

இந்நோயை உண்டாக்கும் கிருமிகளில் ஒன்றான ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சா பி வகைக்கு எதிரான மருந்து, ஐந்து நோய்த் தடுப்பூசியில் சேர்ந்திருக்கிறது. 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் முதலில் தொடங்கி, பின்னர் நாடு முழுவதும் பரவிய திட்டம் அது.

வயலும் கொக்கும் கொசுவும்

1955-ஆம் ஆண்டு. நம் பக்கத்து ஊரான வேலூரில் மூளைக்காய்ச்சல் கண்ட சிலரைச் சோதித்தபோது, ஜப்பானிய மூளை அழற்சி என்னும் வைரசு நோய் இந்தியாவிலும் இருப்பது முதன்முதலாகத் தெரியவந்தது. இந்த வைரசு கொக்கு, மடையான் போன்ற நீர்ப்பறவைகளிலும் பன்றிகளிலும் பெருகுகிறது. நெல்வயலில் தேங்கிய நீரில் வளரும் கியூலெக்ஸ் இனக் கொசுக்கள் அதைச் சுமந்து வந்து மனிதரைக் கடிக்கின்றன. மனித இரத்தத்தில் வைரசின் அளவு மிகக் குறைவு. எனவே நம்மைக் கடித்த கொசு இன்னொருவருக்கு நோயைப் பரப்புவதில்லை. வைரசுக்கு நாம் ஒரு முட்டுச் சந்து!

வைரசு புகுந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நோயே காணாமல் தப்பிவிடுகிறார்கள். ஆனால் மூளை வீங்கியவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறக்கிறார்கள். பிழைத்தவர்களிலும் நூற்றுக்கு இருபது முதல் முப்பது பேருக்கு நிரந்தர ஊனம். கடுங்காய்ச்சல், வலிப்பு, பிறகு நினைவு மங்கல் என்பதே இதன் வரிசை. வலிப்பு நின்ற பிறகும் குழந்தை தெளியாவிட்டால் மருத்துவர் கவலைப்படுவது இதனால்தான்.

பாகூர் ஏரிப் பாசனத்தையும் ஊசுட்டேரியின் கொக்குக் கூட்டத்தையும் பார்த்தவர்களுக்கு, இந்த நோய்க்கு வேண்டிய வயலும் பறவையும் கொசுவும் நம்மைச் சுற்றியே இருக்கின்றன என்பது விளங்கும். அண்டையிலுள்ள விழுப்புரம், கடலூர்ப் பகுதிகளும் இந்நோய் அறிந்தவைதாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975-ஆம் ஆண்டில் நோய்பரப்பும் கொசுக்களை ஆராய்வதற்கென்றே ஒரு மையத்தைப் புதுச்சேரியில் நிறுவியது. நோய் மிகுந்த மாவட்டங்களில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் இயக்கம் இந்தியாவில் 2006-ஆம் ஆண்டில் தொடங்கியது.

ஒரு கறுப்புப் பொருக்கு

அடுத்த குற்றவாளி இன்னும் தந்திரசாலி. புதர்களிலும் புல்லிலும் வாழும் ஒருவகைச் சிற்றுண்ணியின் இளம்புழு கடிப்பதால் வருவது ஸ்க்ரப் டைஃபஸ் என்னும் காய்ச்சல். புழு கண்ணுக்குத் தெரியாது, கடித்தது வலிக்காது. ஆனால் சில நாளில் அந்த இடத்தில் சிகரெட் சுட்ட வடுப்போல் ஒரு கறுப்புப் பொருக்கு தோன்றும். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, காதின் பின்புறம் என்று மறைவான இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். தேடினால்தான் அகப்படும்.

புதுச்சேரியிலும் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலும் மழைக்குப் பின் வரும் குளிர்மாதங்களில் இந்நோய் மிகுகிறது. சிலருக்குக் கிருமி மூளையையும் தாக்கி வலிப்பை உண்டாக்குகிறது. உத்தரப்பிரதேசத்தின் கோரக்பூர்ப் பகுதியில் ஆண்டுதோறும் குழந்தைகளைக் கொன்றுவந்த மூளைக்காய்ச்சலுக்கு ஜப்பானிய வைரசையே நெடுங்காலம் குற்றம் சாட்டினார்கள். 2014-ஆம் ஆண்டுக்குப் பின் நடந்த ஆய்வுகளில், சோதிக்கப்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் ஸ்க்ரப் டைஃபஸின் தடயம் கிடைத்தது.

இதில் என்ன பெரிய வேறுபாடு என்று கேட்கிறீர்களா? வைரசுக்கு எதிரான மருந்து அரிது. ஸ்க்ரப் டைஃபஸுக்கோ டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் என்னும் மலிவான மருந்துகளே போதும். வழக்கமாகக் கொடுக்கும் பெனிசிலின் வகை மருந்துகளோ இந்தக் கிருமியிடம் பலிப்பதில்லை. ஆகவே ஒரு சிறு பொருக்கைக் கண்டுபிடிப்பது ஓர் உயிரைக் கண்டுபிடிப்பதற்குச் சமம்.

சர்க்கரை தீர்ந்த மூளை

பீகாரின் முசாபர்பூர் லிச்சிப் பழத்துக்குப் பெயர்போன ஊர். 1995-ஆம் ஆண்டு முதல் அங்கே கோடைதோறும் ஒரு மர்மம். இரவு நன்றாக உறங்கிய குழந்தை விடியற்காலையில் வலிப்போடு விழிக்கும். சில மணி நேரத்தில் நினைவிழக்கும். வைரசு என்றார்கள், வெப்பத்தாக்கு என்றார்கள். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய வைரசு நோய் அறிஞர் டி. ஜேக்கப் ஜான் வேறு கோணத்தில் பார்த்தார். இந்தக் குழந்தைகளில் பலருக்குக் காய்ச்சலே இல்லை. ஆனால் இரத்தத்தில் சர்க்கரை மிகக் குறைவு! மூளை அழற்சி அல்ல, இது நஞ்சு என்று அவர் ஐயப்பட்டார்.

2014-ஆம் ஆண்டில் இந்திய, அமெரிக்க அறிஞர்கள் அங்கே விரிவான ஆய்வு நடத்தினார்கள். மருத்துவமனையில் சேர்ந்த 390 குழந்தைகளில் 122 பேர் இறந்தனர். லிச்சிப் பழத்தில் ஹைப்போகிளைசின் என்னும் நச்சும் அதன் உறவுப் பொருள் ஒன்றும் உள்ளன. இரவில் உண்ணாமல் உறங்கினால், கல்லீரலில் சேமித்த சர்க்கரை விடிவதற்குள் தீர்ந்துவிடும். அப்போது உடல் கொழுப்பை எரித்து, அந்த ஆற்றலால் புதுச் சர்க்கரை தயாரிக்கும். இந்த நச்சு அந்த வழியையே அடைத்துவிடுகிறது. நம் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளை, உடலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை விழுங்குகிறது. சர்க்கரை நின்றால் முதலில் தடுமாறுவது அதுவே.

வயிறு நிறைய உண்ட குழந்தைக்கு லிச்சி தீங்கு செய்வதில்லை. பகலெல்லாம் தோப்பில் விழுந்த பழத்தைத் தின்றுவிட்டு, இரவுச் சோறில்லாமல் படுத்த ஏழைக் குழந்தைதான் பலியானது. இதற்குச் சொல்லப்பட்ட பரிகாரம் எது தெரியுமா? இரவில் ஒரு வேளைச் சோறு! மருத்துவமனையில் குளுக்கோஸ் ஊசி! வலிப்போடு வரும் எந்தக் குழந்தைக்கும் முதல் வேலையாக விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பது ஏன் என்பது இப்போது புரிகிறதல்லவா?

சர்க்கரையைப் போலவே உப்புகளும் முக்கியம். வயிற்றுப்போக்கால் சோடியம் குறைந்தாலோ, வைட்டமின் டி பற்றாக்குறையால் கால்சியம் குறைந்தாலோ நரம்பணு எளிதில் வெடிக்கும் நிலைக்கு வந்துவிடும். வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் நாட்டிலும் வைட்டமின் டி பற்றாக்குறை உண்டு என்பது வியப்புத்தான்.

அறுந்த மூக்கணாங்கயிறு

இனி, மிக அரிய காரணம் ஒன்று. பிரான்சின் மார்செய் நகரில் பணியாற்றிய ஷார்லோட் திராவே என்னும் பெண் மருத்துவர், 1978-ஆம் ஆண்டில் ஒருவகைக் குழந்தைகளைத் தனியே பிரித்து விவரித்தார். நன்றாக வளர்ந்துகொண்டிருந்த குழந்தைக்கு ஒரு வயது நிறைவதற்குள் காய்ச்சலோடு வலிப்பு வரும். பார்ப்பதற்குச் சாதாரணக் காய்ச்சல் வலிப்புப் போலவே தொடங்கும். ஆனால் அரைமணி நேரம்கூட நீளும். உடலின் ஒரு பக்கம் மட்டும் இழுக்கும். அடுத்த முறை மறு பக்கம் இழுக்கும். லேசான சூட்டுக்கும் வெந்நீர்க் குளியலுக்கும்கூட வரும். பிறகு காய்ச்சல் இல்லாமலும் வரத் தொடங்கும். அறிவு வளர்ச்சி தடைப்படும்.

இதன் காரணம் 2001-ஆம் ஆண்டில்தான் தெரிந்தது. பெல்ஜிய ஆராய்ச்சியாளர்கள் சோதித்த ஏழு குழந்தைகளிடமும், சோடியம் வாயிலைச் செய்வதற்கான ஒரு மரபணுவில் பிழை இருந்தது. பெரும்பாலும் இப்பிழை பெற்றோரிடம் இருப்பதில்லை. குழந்தையிடம் புதிதாக ஏற்படுகிறது. தாயின் மீதோ தந்தையின் மீதோ பழிபோட இதில் ஒன்றுமே இல்லை.

இங்கே ஒரு புதிர். சோடியம் வாயில் பழுதானால் நரம்புத் துடிப்பு குறையத்தானே வேண்டும்? வலிப்பு ஏன் வருகிறது? சிறிது யோசியுங்கள். விடை, மாட்டுவண்டியில் இருக்கிறது. இந்தக் குறிப்பிட்ட வாயில் அடக்கும் நரம்பணுக்களில்தான் முக்கியமாக வேலை செய்கிறது. அது பழுதானால் தளர்வது தார்க்குச்சி அல்ல, மூக்கணாங்கயிறு! எலிகளில் செய்த ஆய்வுகள் 2006-ஆம் ஆண்டில் இதைக் காட்டின. அதனால்தான் சோடியம் வாயிலை அடைக்கும் கார்பமசெபின் போன்ற வழக்கமான வலிப்பு மருந்துகள் இக்குழந்தைகளுக்கு நோயைக் கூட்டிவிடுகின்றன. காரணம் தெரியாமல் மருந்து கொடுப்பது எவ்வளவு ஆபத்து, பாருங்கள்!

இதில் இன்னொரு வழக்கும் தீர்ந்தது. கக்குவான் இருமல் தடுப்பூசியால் மூளை கெடுகிறது என்ற அச்சம் 1970-களில் பிரிட்டனில் பரவியது. எண்பது விழுக்காடாக இருந்த தடுப்பூசிப் பழக்கம் முப்பது விழுக்காட்டளவுக்குச் சரிந்தது. கக்குவான் நோய் மீண்டும் தலைவிரித்தாடியது. தடுப்பூசியால் மூளை கெட்டதாகக் கருதப்பட்ட 14 பேரை ஆஸ்திரேலிய மருத்துவர்கள் ஆராய்ந்து 2006-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 11 பேரிடம் இதே மரபணுப் பிழை இருந்தது! ஊசியால் வந்த காய்ச்சல் முதல் வலிப்பைத் தூண்டியிருக்கலாம். ஆனால் நோய் பிறவியிலேயே எழுதப்பட்டிருந்தது.

தென்னாட்டின் வெந்நீர் வலிப்பு

சூட்டுக்கும் வலிப்புக்கும் உள்ள உறவுக்கு உலகம் எடுத்துக்காட்டுத் தேடி நம் தென்னாட்டைத்தான் பார்க்கிறது. 1945-ஆம் ஆண்டில் நியூசிலாந்தில் ஒரு சிறுவனிடம் முதலில் கண்ட வெந்நீர் வலிப்பு, மற்ற நாடுகளில் அரிது. ஆனால் கர்நாடகத்தில், குறிப்பாக மைசூர், பெங்களூர்ப் பகுதிகளில் ஏராளம், தமிழ்நாட்டிலும் உண்டு. பெங்களூரில் டாக்டர் கே.எஸ். மணி 1970-களில் 108 பேரைப் பற்றி எழுதினார். பின்னர் டாக்டர் சதீஷ்சந்திராவும் உடனிருந்தோரும் 279 பேரை ஆராய்ந்து 1988-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள்.

நாம் எப்படித் தலைமுழுகுகிறோம்? 40 முதல் 50 பாகை வரை சூடான நீரைச் செம்பு செம்பாக உச்சந்தலையில் மளமளவென்று ஊற்றிக்கொள்கிறோம். இவ்வலிப்பு உள்ளவர்களுக்கு அந்தத் திடீர்ச் சூடே தூண்டுகோலாகிறது. இவர்களில் சிலருக்குச் சிறு வயதில் காய்ச்சல் வலிப்பும் வந்திருந்தது. இதற்காக எண்ணெய்க் குளியலைக் கண்டு எல்லோரும் அஞ்ச வேண்டியதில்லை. வலிப்பு வந்தவர்கள் தண்ணீரின் சூட்டைக் குறைத்தாலே பலருக்கு நின்றுவிடுகிறது. தேவையானவர்களுக்குக் குளிக்குமுன் விழுங்க மாத்திரையும் உண்டு.

நீங்கள் என்ன செய்யலாம்?

புதுச்சேரியில் மருத்துவக் கல்விக்கு நீண்ட வரலாறு உண்டு. 1823-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்ததே, 1964-ஆம் ஆண்டில் கோரிமேட்டில் உருவான ஜிப்மர் மருத்துவமனை. ஆனால் எவ்வளவு பெரிய மருத்துவமனை அருகில் இருந்தாலும், வலிப்பு தொடங்கும் கணத்தில் குழந்தையின் அருகே இருக்கப்போவது மருத்துவர் அல்லர், நீங்கள்தான். எனவே இவற்றை மனத்தில் இருத்துங்கள்.

உடனே கடிகாரத்தைப் பாருங்கள். பதற்றத்தில் ஒரு நிமிடம் ஒரு மணி நேரமாகத் தோன்றும். கடிகாரம் மட்டுமே பொய் சொல்லாது. குழந்தையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சிலும் வாந்தியும் மூச்சுக்குழலில் போகாமல் வெளியே வழிந்துவிடும். கழுத்தை இறுக்கும் துணியைத் தளர்த்துங்கள். கைகால்களை அமுக்கிப் பிடிக்காதீர்கள். வாயில் கரண்டியோ, விரலோ, தண்ணீரோ, மருந்தோ எதுவும் வைக்காதீர்கள். ஐஸ் நீரை ஊற்றாதீர்கள்.

இரும்பு வேண்டவே வேண்டாம். வலிப்பின் மின்சாரம் தலையோட்டுக்குள் நடப்பது. கையில் பிடித்த இரும்பு அதை ஒரு மில்லிவோல்ட்கூட மாற்றாது. அதைத் தேடி ஓடும் நேரத்தில் குழந்தையை ஒருக்களிக்க மறந்துவிடுவோம், அதுதான் நஷ்டம்.

ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் 108-ஐ அழையுங்கள். நின்றுவிட்டாலும், முதல் முறை வந்த வலிப்பு என்றால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். காய்ச்சலைக் குறைக்கும் மாத்திரை குழந்தையின் உடல் வேதனையைத் தணிக்கும். ஆனால் வலிப்பு வராமல் தடுத்துவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

மருத்துவர் பல கேள்விகள் கேட்பார். எத்தனை நிமிடம் இழுத்தது? இரு பக்கமுமா, ஒரு பக்கமா? அதே நாளில் மறுபடி வந்ததா? வலிப்புக்குப் பின் தாயை அடையாளம் கண்டதா, மயங்கியே கிடந்ததா? வாந்தி, தலைவலி, கழுத்து விறைப்பு உண்டா? உடம்பில் பொருக்கு உண்டா? முந்தைய இரவு என்ன சாப்பிட்டது? வயது ஆறு மாதத்துக்குக் குறைவா, ஐந்துக்கு மேலா? இக்கேள்விகளில் ஒவ்வொன்றும், மேலே நாம் பார்த்த காரணங்களில் ஒன்றைத் தேடிப் போகிறது என்பதை இப்போது நீங்களே கண்டுகொள்வீர்கள். அழுதுகொண்டிருக்கும் தாயால் இவற்றுக்கெல்லாம் விடை சொல்ல முடியாது. நிதானமாகக் கவனித்து, நேரத்தைக் குறித்து வைத்த ஓர் அண்ணனாலோ அக்காளாலோ முடியும்.

உங்கள் கைப்பேசியில் ஒளிப்படம் எடுக்கும் வசதி இருந்தால், ஒருவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ள, மற்றொருவர் அரை நிமிடம் பதிவு செய்தாலும் போதும். பத்து நிமிடம் வாயால் விளக்குவதைவிட அது மருத்துவருக்கு உதவும். வசதி இல்லையென்றால் ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் போதும். தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இழுத்த பக்கம் ஆகிய மூன்றையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.